மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி: பினாங்கில் எங்கே, எப்படி, என்ன செலவில் தொடங்குவது

"எக்சர்சைஸ் பண்ணுங்கம்மா" என்று கம்பெனி பேனல் கிளினிக் டாக்டர் சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்தேன். எத்தனை நிமிடம், எங்கே, எந்த நேரத்தில், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே செய்யலாமா, எதையும் கேட்கவில்லை. கேட்கிற தெம்பும் அப்போது இல்லை. அம்மா போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் தூக்கம் வராது. எழுந்தாலோ குளிக்கப் போவதற்கே அரை மணி நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அப்புறம் முட்டி வலி, ஒரு ஜிம் ஒப்பந்தம், அதை ரத்து செய்ய ஒரு தீர்ப்பாய மனு என்று எட்டு மாதம் சுற்றித்தான் எனக்கு நடை பிடிபட்டது.

நீங்கள் அப்படிச் சுற்ற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பினாங்குத் தீவை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பிறை, பட்டர்வொர்த் பக்கம் இருப்பவர்களுக்கு இடங்கள் மட்டும் மாறும்.

அதற்கு முன் ஒன்று. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்து வந்து போகிறது என்றால் இந்தக் கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இப்போது 15555க்கு அழையுங்கள். அது சுகாதார அமைச்சின் மனநல உதவி எண். மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. எந்த நேரத்திலும் எடுப்பார்கள். நிலைமை கைமீறுகிறது என்றால் 999, இல்லையென்றால் யாரையாவது கூட்டிக்கொண்டு பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு நேரே போய்விடுங்கள். நடையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1. முதலில் கிளினிக், காலணி அப்புறம்

நான் முதலில் கடைக்குப் போய்க் காலணி வாங்கினேன். அது தப்பு. முதலில் போக வேண்டிய இடம் உங்கள் வட்டாரத்து அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். மைகார்டு (அடையாள அட்டை) போதும், குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் கட்டணம் பல மடங்கு. கவுண்டரில் கேட்டுக்கொண்டு பதியுங்கள். மைசெஜாத்ரா செயலியில் நேரம் பதிவு செய்துவிட்டுப் போனால் காத்திருப்பு குறையும். அப்படியே போய் நம்பர் எடுத்தால் அரை நாளை ஒதுக்கிவிடுங்கள்.

என்ன சொல்லிப் பதிவது என்பதுதான் பலருக்குத் தயக்கம். கவுண்டரில் "சாய நாக் புவாட் சாரிங்ஙான் மிண்டா சிஹாட்" என்று சொன்னால் போதும். மனநலப் பரிசோதனை வேண்டும் என்று அர்த்தம். வரிசையில் பின்னால் நிற்பவர் காதில் விழுமே என்று கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

ஒரு படிவம் தருவார்கள். டாஸ் என்பார்கள், மொத்தம் 21 கேள்வி. போன ஒரு வாரம் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றுக்கும் ஏழேழு கேள்வி. எனக்குப் பக்கத்து நாற்காலியில் எங்கள் ஃபிளாட்டில் நாலாம் மாடியில் இருக்கிற அம்மா சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் கண் என் தாளின் மேல் இருக்கிற மாதிரியே ஒரு நினைப்பு. 21 கேள்விக்கும் பூஜ்யம் போட்டுக் கொடுத்தேன். மிஸ்ஸி (நர்ஸ்) வாங்கிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "செமுவா கோசோங்?" என்றார், எல்லாமே பூஜ்யமா என்று. அவ்வளவுதான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரே ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, கதவைச் சாத்தி, இன்னொரு தாளும் பென்சிலும் கொடுத்தார்.

அதனால் சொல்கிறேன்: தனியாக உட்கார்ந்து நிரப்ப இடம் கேளுங்கள். மலாய்ச் சொல் புரியவில்லை என்றால் ஊகித்துப் போடாதீர்கள், கேளுங்கள். அது பரீட்சைத் தாள் இல்லை, குறைவாக மார்க் வாங்கினால் யாரும் பாராட்டப் போவதில்லை.

கையோடு கொண்டு போக வேண்டியவை: இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை (நாட்டு மருந்து, கடையில் வாங்கிய சத்து மாத்திரை உட்பட), கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு, போன இரண்டு வாரம் எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்ற ஒரு சின்னக் குறிப்பு. பெண்கள் மாதவிலக்குத் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். எப்போதும் அசதி என்றால் ரத்தச்சோகையா, தைராய்டா என்றும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். எனக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்தது. அது தெரியாமல் மலை ஏறியிருந்தேன் என்பது தனிக் கதை.

வேலையிலிருந்து போகிறவர்கள் கிளம்பும் முன் டைம் ஸ்லிப் வாங்க மறக்காதீர்கள். அங்கே இருந்த நேரத்துக்கு மட்டும்தான் அது. முழு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) எல்லோருக்கும் கிடைக்காது.

டாக்டர் தேவை என்று நினைத்தால் ஆலோசகருக்கோ மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ கடிதம் தருவார். நிபுணர் கிளினிக்கில் தொடர் வருகைக்குக் குடிமக்கள் கட்டுவது 5 ரிங்கிட். எனக்குத் தேதி கிடைத்தது ஆறு வாரம் கழித்து. கோபப்பட்டேன். ஆனால் அந்த ஆறு வாரத்தில்தான் நடக்கப் பழகினேன்.

2. மாத்திரையும் நடையும்

மாத்திரை எழுதிக் கொடுத்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள்: "இதைச் சாப்பிட்டுக்கொண்டு வெயிலில் நடக்கலாமா?" மனநல மருந்துகளில் சில வியர்வையை அதிகமாக்கும், சில உடம்பு சூட்டைத் தணிக்கிற வேலையைக் குழப்பும். சில திடீரென்று எழுந்தால் தலை சுற்ற வைக்கும். லித்தியம் சாப்பிடுபவர்கள் உடம்பில் தண்ணீர் வற்றவே விடக்கூடாது. வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். நம் ஊர் வெக்கைக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. பதற்றத்துக்குப் புரொப்ரானலால் கொடுத்திருந்தால் இதயத் துடிப்பு அதிகம் ஏறாது. அப்போது கைக்கடிகாரம் காட்டும் துடிப்புக் கணக்கைப் பார்த்து இன்னும் வேகமாக ஓட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

நெஞ்சு வலி, மயக்கம், கட்டுக்குள் வராத பிபி, பழைய முட்டி அறுவை சிகிச்சை, கர்ப்பம் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பொறி ஒன்று இருக்கிறது. நடக்கத் தொடங்கி ஒரு மாதத்தில் முகம் கொஞ்சம் தெளியும். உடனே ஒரு சித்தியோ மாமாவோ, "அதான் நல்லா நடக்கிறியே, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்பார். நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைப்பதும் நிறுத்துவதும் எழுதிக் கொடுத்தவர் சொல்லித்தான். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை என்று படுத்திவிடும். நான் நான்கு நாள் நிறுத்திப் பார்த்தவள்.

3. நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

இணையத்தில் எல்லோரும் அதிகாலை ஐந்து மணி என்பார்கள். பினாங்கில் ஐந்து மணி என்றால் கும்மிருட்டு. இங்கே ஆண்டு முழுக்க ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். ஜனவரி, பிப்ரவரியில் ஏழரை ஆகிவிடும். எட்டு மணிக்கு வேலை உள்ளவர் வெளிச்சத்தில் நடப்பது நடக்காத காரியம். அவர்களுக்கு மாலை ஆறு மணி நல்லது; ஏழு மணி வரை வெளிச்சம் தாராளமாக இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் மழை மாலையைக் கெடுக்கும், அதற்கு வேறு வழி பின்னால் சொல்கிறேன்.

ஷிப்ட் வேலைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழரைக்கு நேராகப் பூங்காவுக்குப் போனேன் நான். அந்த வெளிச்சமும் நடையும் சேர்ந்து தூக்கத்தை விரட்டிவிட்டன. பத்து மணிக்கும் கண் மூடவில்லை. இரவு ஷிப்ட் வாரத்தில் முதலில் தூங்குங்கள். மாலை நாலரைக்கு எழுந்து, ஐந்தரைக்கு நடந்துவிட்டு, குளித்து ஷிப்டுக்குப் போவது எனக்குச் சரிப்பட்டது. பகல் ஷிப்ட் வாரத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கிவிடுவேன். ஓய்வு நாளில்தான் பூங்கா.

எந்த நேரம் என்றாலும் அது ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையின் வாலில் தொங்க வேண்டும். "பையனை டியூஷனில் விட்டதும்", "விளக்கேற்றியதும்" என்பதுபோல. மனசு வந்ததும் நடக்கலாம் என்று காத்திருந்தால் மனசு வராது. இந்த நோயே அந்த மனசைத்தான் முதலில் பிடுங்கிக்கொள்கிறது.

4. இடம்

முதல் மூன்று வாரத்துக்கு உங்கள் தாமானை (குடியிருப்பை)ச் சுற்றிய சாலையே சரியான இடம். காரணம், போய்ச்சேர வேண்டிய பயணம் இல்லை. போக்குவரத்து என்ற ஒரு படி கூடினாலே சோர்ந்த மனசு "நாளைக்குப் பார்க்கலாம்" என்றுவிடும்.

அப்புறம் இந்தத் தீவில் இடத்துக்குப் பஞ்சமில்லை. தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, விடிவதற்கு முன்பே திறந்துவிடுவார்கள், உள்ளே சுற்றுப்பாதை நிழலாக இருக்கும். 1884இல் தொடங்கிய பூங்கா என்பதால் மரங்களெல்லாம் வானத்தைத் தொடும். ஜார்ஜ்டவுனிலிருந்து 10ஆம் எண் ரேப்பிட் பஸ் போகும், ஆனால் அடிக்கடி வராது; திரும்பும் நேரத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குரங்குகள் உண்டு. கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் அது சாப்பாடுதான் என்று அவை முடிவே செய்துவிட்டன. வாசலில் நின்றுகொண்டிருந்த என் கையிலிருந்து தோசைப் பொட்டலத்தை ஒன்று வாங்கிக்கொண்டது என்றே சொல்ல வேண்டும், பிடுங்கவில்லை, அவ்வளவு நிதானம். மரத்தில் உட்கார்ந்து சட்னியை மட்டும் தூக்கிப் போட்டது. அன்று நான் சிரித்தேன். எவ்வளவு நாள் கழித்துச் சிரித்தேன் என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது.

சமதளம் வேண்டுமென்றால் கர்னி டிரைவ் கடலோரம், கர்ப்பால் சிங் டிரைவ், எஸ்பிளனேட். மூன்றிலும் மாலையில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும். தனியாகப் போகும் பெண்களுக்கு நான் சொல்வது இவைதான். யூத் பார்க்கில் வெளிப்புற உடற்பயிற்சிக் கருவிகள் இலவசம்.

இப்போது மலை. தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. தைப்பூசத்தில் ஏறியிருக்கிறோமே என்ற தைரியத்தில் முதல் வாரமே ஏறினேன். ஏறியது முருகன் புண்ணியம். இறங்கும்போது தொடை ஆடியது. நான்கு நாள் கழிவறையில் உட்கார்ந்து எழ முடியவில்லை. அதோடு இரண்டு வாரம் எல்லாமே நின்றது. "உன்னால் இதுகூட முடியவில்லை" என்று மனசு ஆரம்பித்துவிட்டது, அதுதான் முட்டி வலியைவிட மோசம். படிகளை மூன்றாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூங்கா வாசலிலிருந்து பினாங்கு மலைக்கு ஏறும் ஜீப் சாலையும் அப்படித்தான்: 5.1 கிலோமீட்டர், தார்ச்சாலைதானே என்று தோன்றும், ஏற்றம் நெற்றிக்கு நேரே நிற்கும். மூன் கேட் காட்டுப்பாதைக்குப் போகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டு, மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். தனியாக வேண்டாம்.

மழை நாளில் பேரங்காடிக்குள் நடக்கலாம், கடைகள் திறக்கும் நேரத்தில் கூட்டம் இருக்காது. பலமாடிக் கார் நிறுத்தத்தில் நடக்காதீர்கள், புகை. புகைமூட்டக் காலத்தில் கிளம்பும் முன் காற்று மாசுக் குறியீட்டைப் பாருங்கள்: 100ஐத் தாண்டினால் சுகாதாரக் கேடு என்ற நிலை, அன்று வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள். விடியும் நேரத்திலும் அந்தி நேரத்திலும் ஏடிஸ் கொசு கடிக்கும். காலுக்குக் கொசு எண்ணெய் பூசாமல் பூங்காவுக்குப் போக வேண்டாம்.

5. எவ்வளவு

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே வாரம் இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி. இந்த எண்ணை முதல் நாளே பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஐந்து வாரத்தில் அங்கே போய்ச் சேரலாம்.

முதல் வாரம் ஐந்து நாள், பத்தே நிமிடம். ஐந்து நிமிடம் போக, ஐந்து நிமிடம் வர. கைபேசியில் ஐந்து நிமிட அலாரம் வைத்துக்கொண்டு, அடித்ததும் திரும்பிவிடுங்கள். "இன்னும் போகலாம் போலிருக்கிறதே" என்று தோன்றும்போது திரும்புவது முக்கியம். அந்த ஆசைதான் நாளைக்கு உங்களைக் கதவுக்கு வெளியே கொண்டுவரும். ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஐந்தாம் வாரம் முப்பது நிமிடம், ஐந்து நாள், 150 ஆகிவிட்டது. ஒரு வாரம் சறுக்கினால் அந்த வாரத்தையே திரும்பச் செய்யுங்கள், முதலிலிருந்து வேண்டாம்.

மிதமான வேகம் என்றால் என்ன? கூட வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. கடை கடையாக வேடிக்கை பார்க்கிற நடையும் இல்லை, பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டமும் இல்லை.

பதற்ற நோய் உள்ளவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். வேகமாக நடந்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். பதற்றம் வந்தாலும் இதே மூன்றுதான். மனசுக்கு வித்தியாசம் தெரியாது. கர்னி டிரைவ் பெஞ்சில் உட்கார்ந்து ஹார்ட் அட்டாக் என்றே நினைத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் மோட்டாரில் வந்து சேர்வதற்குள் சரியாகிவிட்டது. மெதுவாகத் தொடங்கி, படபடப்பு வந்தால் நிற்காமல் வேகத்தை மட்டும் குறைத்து, அது தானாக அடங்குவதைப் பார்க்கப் பழகினால் நாலைந்து வாரத்தில் உடம்பு அந்தப் படபடப்பைக் கண்டு மிரளாது. டாக்டர் இதயம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் இந்தப் பழக்கம். நெஞ்சு இறுக்கி வலித்தால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், நடையை நிறுத்தி 999.

தசைப் பயிற்சிக்கு எந்தக் கருவியும் வேண்டாம். சாப்பாட்டு மேசை நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரைத் தள்ளுவது பத்து முறை, 5 கிலோ அரிசிப் பையைக் கட்டியணைத்துக்கொண்டு கூடத்தில் நாலு நடை. வாரம் இரண்டு நாள். அரிசிப் பையைப் பார்த்து என் மகன் சிரித்தான், இப்போது அவன் 10 கிலோ பை தூக்குகிறான்.

எப்போது பலன் தெரியும்? நடந்து முடித்த உடனே கொஞ்சம் லேசாக இருக்கும், அது சில மணி நேரத்துக்குத்தான். உள்ளுக்குள் மாற வாரக்கணக்கில் ஆகும். எனக்கு முதலில் திரும்பியது தூக்கம், நாலாம் வாரம். ஏழாம் வாரம் ஒரு நாள் ரசத்துக்குத் தாளிக்கும்போது கறிவேப்பிலை வாசம் மூக்கில் ஏறியது. அதுவரை மாதக்கணக்கில் சமைத்துக்கொண்டுதான் இருந்தேன், எதுவும் மணக்கவில்லை. எல்லோருக்கும் இதே வரிசையில் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். எட்டு வாரம் ஒழுங்காக நடந்தும் கொஞ்சமும் அசைவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், சிகிச்சையை மாற்றிப் பார்ப்பார்.

6. ஜிம்மில் கையெழுத்துப் போடும் முன்

இந்தப் பகுதிக்குத்தான் நான் அதிகமாகக் காசு கொடுத்திருக்கிறேன்.

சோர்ந்திருக்கிற மனசுக்கு "வேண்டாம்" என்று சொல்லும் தெம்பு இருக்காது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கும் இல்லை. இலவசப் பரிசோதனை என்று கூப்பிட்டார்கள், எடை, கொழுப்பு என்று ஒரு தாளை நீட்டினார்கள், "இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்றார்கள். மாதம் 148 ரிங்கிட், 24 மாதம், பேங்க் கார்டிலிருந்து தானாகக் கழியும். கணக்குப் போட்டால் 3,552 ரிங்கிட். மூன்று மாதத்தில் நான் போனது ஒன்பது தடவை. நிறுத்துகிறேன் என்றதும் மீதிப் பணத்தில் பாதியைக் கட்டச் சொன்னார்கள்.

எனக்குத் தெரியாதது இது: 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தொடர்ந்து வழங்கப்படும் சேவைகளுக்கான ஒப்பந்தத்தைப் பற்றியது. பாதியில் ரத்து செய்தால் அவர்கள் கேட்கக்கூடியது மொத்த ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடு, அதோடு நீங்கள் அதுவரை பயன்படுத்திய சேவைக்கும் பொருளுக்கும் உள்ள செலவு. என் கணக்கில் 5 விழுக்காடு என்பது 177 ரிங்கிட் 60 சென். அவர்கள் கேட்டது ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல்.

ஜிம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மழைக்கும் இரவு நேரத்துக்கும் அது வசதி. ஒரு நாள் கட்டணம் அல்லது மாதாமாதம் கட்டும் இடமாகப் பாருங்கள். நீங்கள் போகப்போகிற அதே நேரத்தில் ஒரு தடவை போய்க் கூட்டம் பாருங்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். தர மறுத்தால் அதுவே பதில். கையெழுத்துப் போட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: ரத்து செய்வதாக மின்னஞ்சலில் எழுதுங்கள், வாய்ச்சொல்லாக விடாதீர்கள். 17ஆம் பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். சரிவரவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 1ஆம் படிவம் நிரப்பி மனு போடலாம், இணையத்திலும் முடியும். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. ஒப்பந்தம், ரசீது, பேங்க் கணக்கு அறிக்கை, மின்னஞ்சல் எல்லாம் நகலாக வேண்டும். நான் செய்த பிழை, பலகையில் இருந்த பெயரை எழுதியது. ரசீதின் அடியில் சின்ன எழுத்தில் நிறுவனத்தின் பதிவுப் பெயரும் எண்ணும் இருக்கும், அதைத்தான் எழுத வேண்டும். திருத்தி மறுபடி கொடுக்க எனக்கு மூன்று வாரம் வீணானது. மனு கையில் கிடைத்ததும் விசாரணைக்கு முன்பே அவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

படிவம் நிரப்பத் தெரியவில்லை, மலாய் எழுத வராது என்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் இருக்கிறது, தமிழில் பேசலாம்.

7. முடியவே முடியாத நாள்

வரும். அதற்கு முன்கூட்டியே ஒரு குட்டித் திட்டம் வேண்டும். என் திட்டம்: லிஃப்டில் கீழே போய், தபால் பெட்டியைத் திறந்து பார்த்து, படியில் ஒரு மாடி மட்டும் ஏறி, மிச்சத்துக்கு லிஃப்ட். நைட்டிக்கு மேல் ஒரு துண்டு, காலில் ஜப்பான் சிலிப்பர், அவ்வளவுதான். நோட்டில் அன்றைக்கும் டிக் உண்டு. முதல் இரண்டு மாதத்தில் இருபது நாளாவது தபால் பெட்டி நாள்தான். கரண்ட் பில் வந்த அன்றே கையில் கிடைத்தது ஒரு உபரி நன்மை.

துணை இருந்தால் பாதி வேலை குறைவு. பக்கத்து வீட்டு அக்காவிடம், "நடக்க வரீங்களாக்கா, ஆனா பேச முடியாது, கோவிச்சுக்காதீங்க" என்று கேட்டேன். "எனக்கு முட்டி வலி, நானும் பேசற மூட்ல இல்ல" என்றார். இரண்டு வாரம் பேசாமலே நடந்தோம். மூன்றாம் வாரம் அவர் "பசியாறியாச்சா?" என்று கேட்க, அங்கிருந்து மாமாக் கடை ரொட்டி சானாய் வரை போனது. நடந்து கரைத்ததை அங்கே திரும்ப வாங்கிக்கொள்கிறோமே என்று கணக்குப் பார்க்காதீர்கள். எடைக்காக நடப்பது வேறு வேலை. இரண்டையும் சேர்த்தால் தராசு முள் நகராத வாரம் மனசும் சுருண்டுவிடும். என் தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

8. செலவும் வரிக் கழிவும்

எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டவை: காலணி 169 ரிங்கிட், கொசு எண்ணெய், தண்ணீர்ப் போத்தல், சில்லறையாகப் பஸ் காசு. காலணியை மாலையில் வாங்குங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியாக வரும்.

வரி கட்டுபவர்களுக்கு: 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் விளையாட்டுக்கென்று தனியாக 1,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. ஜிம் கட்டணம், பயிற்சிக் கட்டணம், பேட்மிண்டன் மைதான வாடகை, ஓட்டப்போட்டிப் பதிவுக் கட்டணம், விளையாட்டுக் கருவிகள் இதில் வரும். காலணியும் உடையும் வராது. என் 169 ரிங்கிட்டைப் போட்டுவிட்டு, விளக்கத்தைப் படித்து அழித்தேன். மனநல ஆலோசனைக்குக் கட்டியதை மருத்துவப் பரிசோதனைக்கான 1,000 ரிங்கிட் வரம்புக்குள் தனியாகக் காட்டலாம். ஆலோசகர் முறையாகப் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். சம்பளக்காரர்களுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. இணையத்தில் தாக்கல் செய்தால் மே 15 வரை இடம் தருவார்கள். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாள் ரசீது ஆறு மாதத்தில் வெளிறிப் போகும், வாங்கிய அன்றே படம் பிடியுங்கள்.

9. அடுத்த அப்பாயின்மெண்டுக்குக் கொண்டு போக

பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கி நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள்: தேதி, எத்தனை நிமிடம், எத்தனை மணி நேரத் தூக்கம், மனசுக்குப் பத்துக்கு எத்தனை. அதற்கு மேல் எழுதினால் நாலாம் நாள் விட்டுவிடுவீர்கள். டாக்டர் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம் வாய் தானாக "பரவாயில்லை டாக்டர்" என்றுவிடும். நோட்டைத் திறந்து மேசையில் வைத்துவிடுங்கள். எனக்கு மருந்தின் நேரத்தை இரவிலிருந்து காலைக்கு மாற்றியது அந்த நோட்டைப் பார்த்துத்தான்.

மறுபடியும் டாஸ் படிவம் தருவார்கள். இந்த முறை பேனா கொண்டு போங்கள், அங்கே பென்சில் முனை எப்போதும் மழுங்கித்தான் இருக்கும். நிரப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த தேதி எழுதிய அட்டையை வாங்கிக்கொண்டு, டைம் ஸ்லிப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். பஸ் நிறுத்தம் பக்கத்தில் என்றால் அடுத்த நிறுத்தம் வரை நடந்துவிடலாம், அன்றைய பத்து நிமிடம் அதிலேயே முடிந்துவிடும்.